உப்பில்லாத அமாவாசை

அமாவாசை வந்தால் மும்பையில் இரண்டு பேருக்குக் கொண்டாட்டம். ஒன்று காக்கை, இன்னொன்று மாட்டுங்கா சுரேந்திரன். காக்கைக்கு வடை கிடைக்கும். சுரேந்திரனுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் கிடைப்பார்கள். நிலா இல்லாத ராத்திரியில்தான் நட்சத்திரம் நன்றாகத் தெரியும் என்பதால், மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையில், வாங்கணி ஸ்டேஷன் தாண்டி ஒரு பண்ணை வீட்டுக்கு ஆட்களை அழைத்துப்போய் வானத்தைக் காட்டுவது அவன் தொழில். டெல்லியிலிருந்து வருவார்கள், சூரத்திலிருந்து வருவார்கள், ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர்களும் நாலு பேர் இருப்பார்கள். கொலாபாவைப் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்தது ஆகாயம். ராத்திரி முழுக்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, காலையில் உப்புமா சாப்பிட்டுத் திரும்புவார்கள்.

அந்த உப்புமாவையும் அதற்கு முந்திய ராத்திரிச் சாப்பாட்டையும் சமைப்பவள் தாராவிச் செண்பகவல்லி. வயது நாற்பத்தேழு. கைக்கு உதவியாகப் பாண்டுப்பிலிருந்து ஜெஸி வருவாள். ஐந்து வருஷமாக ஒரு டிரிப்பு தவறாமல் நட்சத்திரங்களுக்குக் கீழே நின்றிருக்கிறாள் என்று பெயர்தானே தவிர, செண்பகவல்லி வானத்தைப் பார்த்ததைவிட அண்டாவைப் பார்த்ததுதான் அதிகம். வடக்கத்தி ஆட்கள் அவள் சாம்பாரைக் கிண்ணம் கிண்ணமாக வாங்கிக் குடித்தார்கள். அதற்காகவே இரண்டாம் தடவை வந்தவர்களும் உண்டு. வியாழன் கோள் அவர்களுக்கு ஒரு சாக்கு.

அமாவாசையன்று செண்பகவல்லி செய்யும் முதல் வேலை சாப்பிடுவது. பல் தேய்த்த கையோடு இரண்டு இட்லி. பசி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. செத்தவர்களுக்காக விரதம் இருக்கிற நாள் அது. புருஷன் உயிரோடு இருக்கிற பெண் அன்றைக்கு வயிற்றைக் காயப்போடக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அவள் புருஷன் மாரிக்கண்ணன் உயிரோடு இருக்கிறான். ஆகவே அவள் சாப்பிடுவாள். பக்கத்து வீடுகளில் வாழைக்காய் வேகிற வாசனை வரும்போது, வாசற்படியில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கும்படி இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்பாள். அந்த இரண்டு இட்லியைப் பார்த்த பிறகு யாரும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.

உயிரோடு இருக்கிறான் என்பது அவள் சொல்வது. ஆளைப் பார்த்து ஏழு வருஷமாகிறது.

மாரிக்கண்ணனுக்கு பெல்ட் தைக்கிற பட்டறையில் வேலை. ஒரு ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பக்கிள் தீர்ந்துவிட்டது, தாதர் வரைக்கும் போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். மழை வந்தது, சாயங்காலம் வந்தது, ராத்திரியும் வந்தது; அவன் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. வீட்டில் ஒரு சண்டை சச்சரவு இல்லை, உடம்புக்கு ஒரு குறை இல்லை. போகும்போது குடைகூட எடுத்துப்போனான். ஓடிப்போகிறவன் குடை எடுத்துக்கொண்டு போவானா என்று அவள் போலீஸ்காரரிடம் கேட்டாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? பண்டரிபுரத்தில் சாமியாராகப் பார்த்தேன் என்றார் ஒருவர். சூரத்தில் வேறொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்றார் இன்னொருவர். அடையாளம் தெரியாத பிணம் வந்திருக்கிறது என்று சொல்லக் கேட்டபோதெல்லாம் அவளும், மாரிக்கண்ணனின் அண்ணன் பூதத்தானும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்தார்கள். முதல் தடவை சயான் ஆஸ்பத்திரியில் அவள் மயங்கி விழுந்தாள். பதினோராவது தடவை வெளியே வந்ததும், டீ குடிக்கலாமா என்று பூதத்தானிடம் கேட்டாள். அதற்குள் மனசு மரத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அது விழித்துக்கொள்ளவே இல்லை. சந்தோஷமும் உறைப்பதில்லை, வருத்தமும் உறைப்பதில்லை. மாதம் ஒரு தடவை பிள்ளையார் கோவிலில் "மாரிக்கண்ணன், திருவாதிரை நட்சத்திரம்" என்று சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வருவாள். அர்ச்சனை இருக்கிறவர்களுக்குத்தான். ஐயரும் நிமிர்ந்து பார்க்காமல் செய்து கொடுத்துவிடுவார்.

இப்படியே ஓட்டியிருக்கலாம். ஆனால் பெண் விஜயலட்சுமிக்குக் கல்யாணம் கூடிவந்தது. செம்பூர் நெல்லையப்பனின் மகன், ரயில்வேயில் வேலை, குணமான பையன். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்து, வம்பு கல்யாணப் பத்திரிகையில் வந்து நின்றது. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது? திரு. மாரிக்கண்ணன் என்றா, தெய்வத்திரு மாரிக்கண்ணன் என்றா?

திரு என்று போட்டால், எங்கே அவர் என்று மண்டபத்தில் ஆளாளுக்குக் கேட்பார்கள். தெய்வத்திரு என்று போட்டால் ஒரு தடவை உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். செத்தவனை ஊர் மன்னித்துவிடும். காணாமல் போனவனை மன்னிக்காது. நெல்லையப்பன் நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டார். "எதுன்னாலும் எங்களுக்குச் சம்மதம்தான், மதினி. ஏதாவது ஒண்ணு போட்டுருங்க" என்றார்.

அந்த ஏதாவது ஒன்றுதான் அவளுக்கு வரவில்லை. தெய்வத்திரு என்று போட்டால் சொந்த மகள் கல்யாணத்தில் அவள் குத்துவிளக்கு ஏற்ற முடியாது, ஆரத்தித் தட்டைத் தொட முடியாது. அதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. நாளைக்கே அவன் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால்? போலீஸ் கொல்லவில்லை, ரயில் கொல்லவில்லை, நீதானே என்னைக் கொன்றாய் என்று கேட்டால்? ஒரு வாரமாக அச்சகத்துக்காரன் காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டான். அதற்கு முந்தின நாள்தான் தை அமாவாசை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூதத்தான் வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அய்யா அம்மைக்கு இலை போடுதோம், செம்பகம். தம்பிக்கும் சேத்து ஒண்ணு போட்டுருவமா? நீ சரின்னு சொன்னாத்தான். நா ஒன்ன நெருக்கல."

"நாளைக்கு டிரிப்பு இருக்கு, பெரியத்தான்."

"டிரிப்பு சாயங்காலம்லா. இலை போடுதது மத்தியானம்."

"நானும் ஜெஸியும் முந்தியே ரயில்ல போயிரணும். சாமான் வாங்கணும், ஆக்கணும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏழு வருசம் ஆச்சு தாயி. எனக்கும் அவன் தம்பிதான" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் அழுதார் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

சனிக்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல இட்லி ஊற்றினாள். ஆறட்டும் என்று எடுத்து வைத்தாள். அதற்குள் ஜெஸி போன் செய்து, தாதர் மார்க்கெட்டுக்கு வந்துவிட்டேன், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டு இட்லியை டப்பாவில் போட்டு, ரயிலில் தின்றுகொள்ளலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

மார்க்கெட்டில் அவள் கை பாட்டுக்கு வேலை செய்தது. பூசணிக்காய், அவரைக்காய், சர்க்கரைவள்ளி. பிறகு ஒரு கூடை வாழைக்காய்.

"நாப்பது பேருக்கும் வாழைக்காய்ப் பொரியலா அக்கா? எப்பவும் உருளைக்கிழங்குதான போடுவோம்?" என்றாள் ஜெஸி.

"இன்னைக்கு இது இருக்கட்டும்."

"வெங்காயம் வாங்கலியே?"

"வேண்டாம், வா. கர்ஜத் வண்டிக்கு நேரமாயிட்டு."

ஜெஸி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். பெண்கள் பெட்டியில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். மூட்டைகளைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, கதவோரம் ஒடுங்கி நின்றதில் டப்பாவைத் திறக்க எங்கே இடம்? கல்யாண் ஸ்டேஷனில் உட்கார இடம் கிடைத்ததும் செண்பகவல்லி தூங்கிப்போனாள். ஜெஸிதான் தட்டி எழுப்பி இறக்கினாள்.

பண்ணை வீட்டின் பின்கட்டில் இரண்டு பெரிய கேஸ் அடுப்புகள். நாலு மணிக்கெல்லாம் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஜெஸி காய் நறுக்கினாள். செண்பகவல்லி புளியைக் கரைத்தாள், பொடி போட்டாள், தாளித்தாள், இறக்கினாள், மூடினாள். பத்திரிகையைப் பற்றி யோசிக்கவேண்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொண்டாள். யோசனை ஒன்றும் வரவில்லை. மத்தியானம் பூதத்தான் வீட்டில் இலை போட்டிருப்பார்கள், இரண்டு இலைதான் இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

ஏழு மணிக்கு பஸ் வந்தது. அந்த நேரத்துக்கு மேல் அந்த வீட்டில் வெள்ளை விளக்கு கூடாது. பல்பு ஒவ்வொன்றிலும் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றியிருக்கும். இருட்டுக்குப் பழகின கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி பழக அரைமணி நேரம் ஆகும் என்பது சுரேந்திரனின் சட்டம். அந்தச் சிவப்பில் சாம்பாரும் பாயசமும் ஒரே நிறம்.

அடுப்பை அணைக்கும்போது போன் உதறியது. விஜயலட்சுமியின் குரல் பதிவு. கூடவே இரண்டு படங்கள்.

"அம்மா, பிரஸ்வாலா ரெண்டு மாதிரியும் அனுப்பியிருக்கான். காலைல எட்டு மணிக்கு மெஷின்ல ஏத்திருவானாம். எனக்குத் தமிழ் படிக்க டைம் ஆவும்னு ஒனக்குத் தெரியும்லா, ஆனா அப்பா பேரு மட்டும் டக்குனு தெரிஞ்சிட்டு. ரெண்டுலயும் அப்பா பேரு இருக்கு. எனக்கு ரெண்டும் ஓகேம்மா, சச்சி, நெசமாத்தான். நீ எது சொன்னாலும் சரி. ஆனா சொல்லு."

செண்பகவல்லி முதல் படத்தைத் திறந்தாள். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து. பின்கட்டு முழுக்கப் பளிச்சென்று ஆகிவிட்டது. "அரே, லைட் பந்த் கரோ!" என்று விளக்கை அணைக்கச் சொல்லி மைதானத்திலிருந்து யாரோ கத்தினார்கள். போனைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டாவது படத்தைப் பார்க்கவில்லை.

மைதானத்தில் சுரேந்திரன் ஆரம்பித்துவிட்டான். பாய்களில் நாற்பது பேர் மல்லாந்து கிடக்க, அவன் பச்சை லேசர் கோட்டால் வானத்தில் வேட்டைக்காரனை வரைந்தான். மூன்று நட்சத்திரம் இடுப்பு பெல்ட். அதற்கு மேலே தோள்பட்டையில் சிவப்பாக ஒன்று. வடக்கே அதற்கு ஆர்த்ரா, எங்கள் பக்கம் திருவாதிரை. அந்த இடத்தில் அவன் குரலை இறக்குவான். "நீங்கள் பார்ப்பது அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பின வெளிச்சம். அந்த நட்சத்திரம் கிழண்டுபோனது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். இந்த நிமிஷம் அது அங்கே இருக்கிறதா, இல்லையா? யாருக்கும் தெரியாது" என்பான். நாற்பது வாயும் ஒரே சுருதியில் "ஓ" என்னும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் டிரிப்பில், கையில் கரண்டியோடு நின்று அதைக் கேட்டபோது செண்பகவல்லிக்கு நெஞ்சில் ஏதோ அசைந்தது. அவள் புருஷனின் நட்சத்திரம் அல்லவா அது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாது. படித்தவன், மாட்டுங்காக்காரன், அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே இப்படிச் சொல்கிறான் என்றால், பெல்ட் தைக்கிறவன் ஒருவனைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்? அன்றைக்கு தெரியாது என்கிற அந்த வார்த்தைக்குள் குடிபோனவள்தான். வாடகை இல்லாத வீடு. சன்னலும் இல்லாத வீடு.

ஒன்பது மணிக்குப் பந்தி. பாக்குமட்டைத் தட்டில் சாதம், சாம்பார், வாழைக்காய், கூட்டு. பரிமாறி முடிப்பதற்குள் முதல் தட்டிலிருந்து குரல் வந்தது. சூரத்து அம்மாள் ஒருத்தி, "நமக்?" என்று கேட்டாள். பக்கத்துத் தட்டிலிருந்தும் உப்பு கேட்டார்கள். அடுத்த வரிசையில் ஒரு டெல்லிக்காரர், இது உடம்புக்கு நல்லது, யோகாக்காரர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சுரேந்திரன் பின்கட்டுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, சாம்பார்ல உப்பே இல்லையே! வாழைக்காய்லயும் இல்லை. எதுலயும் இல்லை!"

ஜெஸி உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடினாள். சிவப்பு இருட்டில் ஆளுக்கு ஒரு அளவாக உப்பைப் போட்டுக்கொண்டு, ஒருவன் மூன்று கரண்டி போட்டுத் துப்பி, சிரிப்பும் கூச்சலுமாக எப்படியோ பந்தி முடிந்தது. வானம் இருந்ததால் மானம் தப்பியது. சாப்பாட்டை மறந்துவிட்டு மறுபடி அண்ணாந்து பார்க்கப் போய்விட்டார்கள்.

பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. அவமானமாக இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் ஜெஸி.

"கேளு."

"எப்பவும் உள்ளங்கையில ரெண்டு சொட்டு ஊத்திப் பாப்பீங்க. ஒண்ணுக்கு மூணு தடவ பாப்பீங்க. இன்னிக்குக் கையில ஊத்தவே இல்ல. வெங்காயமும் வேண்டாம்னுட்டீங்க. வாழைக்காய் வேற. எங்க பில்டிங்ல மேல்வீட்டு அக்கா அமாவாசைக்கு இப்படித்தான் ஆக்குவாங்க. படைக்கிறதுக்கு முந்தி நாக்குல படக்கூடாதும்பாங்க. அதான், நீங்களும் இந்தத் தடவ விரதமோன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கதுன்னு தெரியல, சும்மா இருந்துட்டேன்."

"விரதமா? நானா?" என்றாள் செண்பகவல்லி. "ஏன் விரதம் இருக்கேன்? காலையிலயே இட்லி தின்னேன்லா. டப்பா காலியாத்தான் கெடக்கும், பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். எடுத்தபோதே கனத்தது. திறந்தாள். இரண்டு இட்லியும் விளிம்பு காய்ந்து அப்படியே இருந்தன. ஜெஸி பார்த்தாள், பார்க்காததுபோல அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

விடிந்ததிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. பசிக்கவும் இல்லை. வெங்காயம் இல்லாமல், வாழைக்காய் போட்டு, ருசி பார்க்காமல், ஒன்றும் தின்னாமல் ஆக்கியிருக்கிறாள். தாராவியில் அன்றைக்கு எத்தனை விதவைகள் எப்படி ஆக்கினார்களோ அப்படியே ஆக்கியிருக்கிறாள். ஒரு வாரமாக அவள் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கை அதைக் காலையில் தாதர் மார்க்கெட்டில் வைத்தே சொல்லிவிட்டது. ஜெஸிக்குக் கேட்டிருக்கிறது. அவளுக்குத்தான் கேட்கவில்லை.

அப்படியும் ஒண்டிக்கொள்ள ஒரு இடம் பாக்கி இருந்தது, சுரேந்திரனின் அந்த வார்த்தை. எழுந்து மைதானத்துக்குப் போனாள். பாதிப் பேர் பாயிலேயே தூங்கிவிட்டார்கள். சுரேந்திரன் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி."

"விடுங்கோ அக்கா. உப்பு ஒரு விஷயமா? எல்லாருக்கும் ஒருநாள் நடக்கறதுதான்."

"உப்பு இல்ல தம்பி. அந்தத் திருவாதிரை. நெசமாச் சொல்லுங்க, அது இருக்கா, இல்லையா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தான்.

"இருக்குக்கா. டூரிஸ்டுக்காகத்தான் அப்படிச் சொல்றது. ஒரு த்ரில் வேண்டாமா? அது வெடிக்க இன்னும் லட்சம் வருஷம் ஆகும்னுதான் படிச்சவா நிறையப் பேர் சொல்றா. நமக்கு வெறுங்கண்ணால தெரியற நட்சத்திரம் அநேகமா எல்லாமே இப்பவும் இருக்கு. எங்கேயும் போகலை."

"எங்கேயும் போகல."

"ஆமாக்கா. ஏன் கேக்கறேள்?"

"சும்மாதான் தம்பி. நீங்க பாருங்க."

அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் வியாபாரம் செய்தான். நாற்பது பேர் காசு கொடுத்து ஒரு ராத்திரி ஏமாந்தார்கள். அவள் டிக்கெட் இல்லாமல் ஐந்து வருஷம் ஏமாந்தாள். யாருக்கும் தெரியாது என்று சொல்லிக்கொள்ள இனி அந்த நட்சத்திரம் துணைக்கு இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக அதைத் தேடித் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மேற்கே சாய்ந்திருந்தது, சிவப்பாக, தெளிவாக. திருவாதிரை இருந்தது. மாரிக்கண்ணன் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வெளிச்சம் தெரியாமல் முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு குரல் பதிவாகப் பேசி அனுப்பினாள். "விஜி, தெய்வத்திருன்னு போடச் சொல்லு." அவ்வளவுதான் வந்தது. மார்க்கெட்டில் அரைக் கிலோ அவரைக்காய் சொல்கிற அதே குரலில் வந்தது. இன்னும் ஏதாவது சொல்லவேண்டுமோ என்று நினைத்தாள், ஒன்றும் இல்லை. மணி ஒன்றரை. உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. பெண்ணும் தூங்கவில்லை. "சரிம்மா" என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து, "சாப்டியா?" என்று இன்னொன்று வந்தது. அதற்கு அவள் பதில் போடவில்லை.

விடிந்தது. ராத்திரி வாளியில் எடுத்து வைத்த சாம்பார் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, இரண்டு கரண்டி வாழைக்காயும் இருந்தது. செண்பகவல்லி உப்புமாவுக்கு முன்னால் ஒரு பிடி அரிசி பொங்கினாள். பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்ற வாழையில் ஒரு நுனி இலை அறுத்துவந்து, மதில்மேல் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு, சாம்பார், வாழைக்காய் வைத்தாள். அமாவாசை ராத்திரியே கழிந்து பிரதமை பிறந்துவிட்டது. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் குற்றம் சொல்லலாம். மாரிக்கண்ணன் எதற்குத்தான் நேரத்துக்கு வந்தான்?

"கா, கா" என்று கூப்பிட்டாள். டெல்லிக்காரர் போனை நீட்டிக்கொண்டு படம் பிடிக்க வந்தார். சுரேந்திரன் இலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. ராத்திரி அவள் கேட்ட கேள்வி அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும். டெல்லிக்காரரின் தோளில் கைபோட்டு, சூரியனைப் பார்க்கலாம் வாருங்கள் என்று அந்தப் பக்கம் கூட்டிப்போனான்.

காக்கை வந்தது. டூரிஸ்டுகளின் பிஸ்கட் தின்று வளர்ந்த காக்கை. முதலில் சோற்றை மதிக்கவே இல்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வாழைக்காய்த் துண்டு ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது. பின்னாலேயே இன்னும் இரண்டு வந்தன.

செண்பகவல்லி அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஜெஸியும் அதற்காகத்தான் பக்கத்தில் வந்து நின்றாள், தோளில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல். அழுகை வரவில்லை. பசி வந்தது. வயிற்றைப் பிடுங்குகிற பசி. வாசற்படியில் உட்கார்ந்து இட்லி தின்ற அத்தனை அமாவாசையிலும் ஒரு நாள்கூட அவளுக்குப் பசித்ததில்லை.

உள்ளே போய்த் தட்டில் மிச்சச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெஸி சாம்பாரையும் உப்பு ஜாடியையும் கொண்டுவந்து வைத்தாள். செண்பகவல்லி கரண்டியைச் சாய்த்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமாட்டி ஜெஸி, உப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு ஜாடியைக் கையில் எடுத்தாள்.